பதினொன்று புள்ளி மூன்று சதவீதம்

பூஞ்சை. ஒரே ஒரு பூஞ்சை. கைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன், ஆனால் அந்த அட்டவணை கண்ணை விட்டுப் போக மறுக்கிறது, முதல் பத்தியில் உயிரினத்தின் பெயர், இரண்டாவதில் எண்ணிக்கை, மூன்றாவதில் சதவீதம், அதுவும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை. இரண்டு இலக்கம் வேண்டும் என்று கணினிக்குச் சொன்னது நான்தான், புத்தியுள்ள வேறு எவனும் அதைக் கேட்டிருக்க மாட்டான். பத்து நாற்பதுக்கு முடிவு வந்தது. இப்போது பதினொன்று ஏழு. "எல்லாருக்கும் வணக்கம்" என்கிறாள் இசக்கியம்மாள், ஒலிவாங்கி ஒருமுறை கீச்சிட்டு அடங்குகிறது, அவளுக்குப் பின்னால் தொங்கும் பதாகையில் அவள் பெயரைவிட என் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது, முனைவர் ஆவுடையப்பன், பேராசிரியர், வழிகாட்டி. என் மாணவி. ஐந்து வருடம் நான்கு மாதம். இன்று அவளுடைய முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு. பொது என்றால் யாரும் வரலாம், யாரும் கேள்வி கேட்கலாம் என்று பொருள், வருகிறவர்கள் வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு லட்டும் காராச்சேவும் வைத்த அட்டைப்பெட்டிக்குக் காத்திருப்பார்கள், கேள்வி கேட்பது நாகரிகமல்ல. கேட்கப்போகிறவர் ஒருவர்தான், என் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், புறத்தேர்வாளர், பேராசிரியர் லலிதாங்கி, கோயம்புத்தூரிலிருந்து இரவு ரயிலில் வந்தும் புடவையில் ஒரு கசங்கல் இல்லை. ஆய்வேட்டைப் படித்து ஐந்து கேள்விகளை எழுதி முன்பே அனுப்பிவிட்டார். நான்காவது கேள்வி: படித்த மரபணு வரிசைகளில் பதினொரு சதவீதத்தை நீக்கியிருக்கிறீர்கள், அதில் இருந்தது என்ன? அதற்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று போன வாரமே இசக்கிக்குச் சொல்லிக்கொடுத்தேன். வழக்கமாக வரும் வெளி அசுத்தங்கள், அவ்வளவுதான்மா, ஒரே வாக்கியம், அடுத்த கேள்விக்குப் போய்விடு. அவள் தலையாட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பதினொன்று என்பது முழு எண், முழு எண்ணை நான் என்றுமே நம்பியதில்லை, எந்த அசுத்தம் எவ்வளவு என்று ஒரு சிறு அட்டவணை பின்னிணைப்பில் இருந்தால் அழகாக இருக்குமே என்று, வெறும் அழகுக்காக, நேற்று மாலை நீக்கியவை கிடக்கும் கோப்பைக் கணினியில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பாக்டீரியா பூஜ்யம் புள்ளி ஒன்பது பூஜ்யம். மனிதன் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு, அது இசக்கியாக இருக்கலாம், நானாகவும் இருக்கலாம். இன்னதென்று தெரியாதது பூஜ்யம் புள்ளி ஏழு நான்கு. பூஞ்சை, ஒரே இனம், ஒன்பது புள்ளி ஆறு இரண்டு. கூட்டினால் பதினொன்று புள்ளி மூன்று பூஜ்யம், கூட்டிப் பார்த்தேன், இந்த நேரத்திலும் கூட்டிப் பார்க்கிற ஜென்மம். அதிர்ச்சி இடி மாதிரி இறங்கும் என்று எழுதுகிறார்கள், எழுதியவர்களுக்கு அப்படி இருந்திருக்கும், எனக்கு அது இருட்டில் படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைக்கிற மாதிரி இருந்தது, தரை சட்டென்று மேலே வந்து முழங்காலில் இடித்தது. இன்னும் இடித்துக்கொண்டிருக்கிறது. அவள் முதல் ஸ்லைடைப் போடுகிறாள். பித்தமுறி. மேற்கு மலையில் பாறை இடுக்கில் முளைக்கும் முழங்கால் உயரப் பூண்டு, மஞ்சள் பூ, வாயில் வைத்தால் ஒரு நாள் முழுக்க இறங்காத கசப்பு, மஞ்சள் காமாலைக்கு மலைக்காரர்கள் அரைத்துக் கொடுப்பது. "அப்பா அம்மா வந்திருக்காங்க, தமிழ்லயே சொல்லும்மா" என்று லலிதாங்கி முன்பே சொல்லிவிட்டதால் அவள் தமிழில் சொல்கிறாள், நன்றாகச் சொல்கிறாள், "இந்தக் கசப்புதான் மருந்து. ஆனா செடி நமக்காக மருந்து செய்யல, அதைத் திங்க வர்ற புழுவுக்கு விஷம் செய்யுது" என்கிறாள், அது என் வாக்கியம், பதினெட்டு வருடமாக வகுப்பில் சொல்லிவரும் வாக்கியம், முன்வரிசையில் அவள் அப்பா பேச்சிமுத்து, ஊராட்சித் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர், வெள்ளை வேட்டி சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்து, புழுவுக்கு விஷம் என்றதும் பக்கத்தில் மனைவியைப் பார்த்து ஆமாம் என்று தலையசைக்கிறார். செடி செய்யவில்லை ஐயா. அதுதான் விஷயமே. கசப்பு உருவாகும் ஏழு படியில் ஆறு படியைத்தான் செடி செய்கிறது. இலையை அரைத்து, அந்த நிமிடத்தில் அதற்குள் எந்தெந்த மரபணுக்கள் பேசிக்கொண்டிருந்தன என்று எழுத்தெழுத்தாகப் படிக்கிற வேலை எங்களுடையது, மரபணு மொழிக்கு நாலே எழுத்து, இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை வைத்துக்கொண்டு நாம் சொல்லிக் கிழித்ததைவிட நாலு எழுத்தில் ஒரு களைச்செடி அதிகம் சொல்லிவிடுகிறது. கசப்பு ஏறும்போது எந்த மரபணுவின் பேச்சு கூடவே ஏறுகிறது என்று பார்த்தால், கசப்பைச் செய்யும் நொதி எது என்று பிடித்துவிடலாம். ஆறைப் பிடித்தோம். ஏழாவது நொதி, ஒன்றுக்கும் உதவாத சக்கையை மருந்தாக மாற்றும் அந்தக் கடைசி நொதி, பத்து வருடமாக அகப்படவில்லை. செடிக்குள் தேடினோம். செடிக்குள் மட்டும் தேடினோம். வரிசைகளைப் படித்துத் தரும் நிறுவனத்திலிருந்து வரும் கோடிக்கணக்கான துண்டு வரிசைகளில் செடியோடு ஒத்துப்போகாததை முதல் வேலையாக வடிகட்டி ஒரு ஃபோல்டரில் தள்ளிவிட வேண்டும், அந்த ஃபோல்டருக்குப் பெயர் குப்பை, அதைத் திறக்கக் கூடாது, இது எங்கள் ஆய்வகத்தின் முதல் விதி, விதியை எழுதிச் சுவரில் ஒட்டியது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா. செடியல்லாதது நமதல்ல. ஓசை நயத்தோடு எழுதியிருந்தேன். ஒன்பது புள்ளி ஆறு இரண்டு. அட்டவணைக்குக் கீழே எங்கள் நிரல் வழக்கம்போலக் கசப்போடு ஒப்பிட்டும் காட்டியிருந்தது, அதற்குள்தான் ஏழாவது நொதி இருக்கிறது, இலைக்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சையின் மரபணுவாக, மலையில் பறித்த கசப்பு இலையில் ஏறியும், எங்கள் தோட்டத்தில் வளர்த்த கசப்பில்லாத இலையில் ஏறத்தாழ இல்லாமலும், கோடு போட்ட மாதிரி, இவ்வளவு சுத்தமான கோட்டை நான் பணியில் சேர்ந்த நாளிலிருந்து பார்த்ததில்லை. தோட்டத்துச் செடி ஏன் கசக்கவில்லை என்று மூன்று வருடம் மண்ணைத் திட்டினோம், தண்ணீரைத் திட்டினோம், தோட்டக்காரர் எருவை மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துப்போய், "சார், செடிக்கு மனசு சரியில்ல போல" என்றார். அதை ஒரு நகைச்சுவையாக நாலு கருத்தரங்கில் சொல்லியிருக்கிறேன்.

"அஞ்சாம் அத்தியாயத்துக்கு அப்புறம் வருவோம், மொதல்ல செடி எங்கெங்க எடுத்தோம்னு" என்று அவள் வரைபடம் காட்டுகிறாள். ஐந்தாம் அத்தியாயம். அதில் ஏழாவது நொதிக்கு ஒரு செடி மரபணுவை முன்மொழிந்திருக்கிறோம், இருக்கலாம், வாய்ப்புண்டு, கருத இடமிருக்கிறது என்று ஒரு பக்கத்துக்கு நாலு இருக்கலாம், அவ்வளவு இருக்கலாம் போட்டபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது இல்லை. அது எதற்கும் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று. அவளுக்கு இன்னும் தெரியாது. இங்கே இருக்கிற நாற்பத்து மூன்று பேரில், எண்ணிவிட்டேன், தெரிந்தவன் நான் ஒருவன். சொல்ல நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பத்து நாற்பதுக்கு முடிவு வந்தது, பத்து நாற்பத்தைந்துக்கு லலிதாங்கியின் வண்டி வந்து நின்றது, பொன்னாடை, மாலை, காபி, பெயர் சொல்லி அறிமுகம். ஆனால் பத்து ஐம்பத்தைந்துக்கு இசக்கி என் அறைக்கு வந்தாள், அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அரக்குப் பட்டுப்புடவை, கழுத்தில் அம்மாவின் சங்கிலி, "சார், பயமா இருக்கு சார், எதாச்சும் சொல்லுங்க" என்றாள், நான் சொன்னேன், "தண்ணி குடிச்சிட்டுப் போ." வருகிற திங்கட்கிழமை தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் அவள் வேலைக்குச் சேர வேண்டும், பட்டத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டது என்ற தாளை இன்று கையில் வாங்கினால்தான் சேர முடியும், இல்லையென்றால் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். நான் எழுந்து உண்மையைச் சொன்னால் அந்தத் தாள் இல்லை. சொல்லாவிட்டால் நான்காவது கேள்விக்கு அவள் என் பதிலைச் சொல்வாள், என் வாயால் நான் ஊட்டிய பொய்யை, பொய் என்று தெரியாமல், பெற்றவர்கள் முன்னால் சொல்லிப் பட்டம் வாங்குவாள், நாளைக்கு வேறு எவனாவது அந்தக் குப்பையைத் திறந்து பார்க்கும்போது அவள் பெயரைத்தான் எழுதுவான். என் பெயரும் இருக்கும், இரண்டாவதாக. இல்லை, பெரிய எழுத்தில். இல்லை, இப்போது பெயரின் அளவைப் பற்றி யோசிக்கிறேனே, என்ன மனிதன் நான்.

மூன்றாவது வரிசையைப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டேன். பியூலா, நாற்காலியின் கைப்பலகையில் ஒரு குறிப்பேட்டை விரித்து வைத்து எழுதிக்கொண்டிருக்கிறாள், இப்போது நாகர்கோவிலில் ஒரு மகளிர் கல்லூரியில் ஆசிரியை, பத்து மாணவிகளைக் கூட்டி வந்திருக்கிறாள், பிள்ளைகள் ஒரு பொதுத் தேர்வைப் பார்க்க வேண்டும் என்று. எட்டு வருடத்துக்கு முன் என் மாணவி. வாசலில் காலையில் எதிரே வந்தாள், "நல்லா இருக்கீங்களா சார்?" என்றாள், நல்லா இருக்கேன் என்றேன், "கை கழுவிட்டுத்தான் சார் வந்துருக்கேன்" என்றாள், சிரித்துக்கொண்டே, கூட இருந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, எனக்கும் அப்போது அது வெறும் குத்தலாகத்தான் பட்டது, கைபேசியில் முடிவு வந்தது அதற்குப் பிறகு. பித்தமுறியின் நுனிக் கொழுந்தைக் கிருமி நீக்கிக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்தவள் அவள். குப்பிச் செடி அழகாக வளர்ந்தது, பச்சைப் பசேலென்று, ஆனால் கசக்கவில்லை. மலையிலிருந்து கொண்டுவந்த இலைத் துண்டை எவ்வளவு கழுவினாலும் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பூஞ்சை முளைத்தது. இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொன்னாள், "சார், பூஞ்சை இருந்தா கசக்குது, இல்லாட்டி கசக்கல." பதினான்கு பேர் முன்னால் சொன்னாள். அன்று மாலை நான் கடைக்குப் போய் ஒரு சிவப்பு சோப்புக் கட்டி வாங்கி வந்து, மறுநாள் காலை அவள் வருமுன் அவள் மேசையில், குப்பிகளுக்கு நடுவில், தாள் பிரிக்காமல் நிறுத்தி வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்தில் வழிகாட்டியை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள், வேறு செடி, வேறு தலைப்பு, முதலிலிருந்து, மூன்று வருடம் வீண். அந்த சோப்புக் கதையைப் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே சொல்வேன். சுத்தத்தின் முக்கியத்துவத்தை விளக்க. கதையில் அவள் பெயரைச் சொல்லமாட்டேன், அது கண்ணியம் என்று நினைத்திருந்தேன்.

கேள்வி ஒன்று. ஏன் இந்தச் செடி? இசக்கி சொல்கிறாள், எனக்குக் காது கேட்கவில்லை, உதடு அசைவது தெரிகிறது, லலிதாங்கி தலையாட்டுவது தெரிகிறது. ஒரு வழி இருக்கிறது. இன்று பட்டம் வாங்கட்டும், சேரட்டும், ஆறு மாதம் கழித்து நானும் அவளும் இந்தப் பூஞ்சையைத் தனிக் கட்டுரையாக எழுதி, முன்பு கருதியதற்கு மாறாக என்று ஒரு வரி போட்டு, அறிவியல் இப்படித்தான் வளர்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை. முன்பு கருதியதற்கு மாறாக. அழகான சொற்றொடர், எத்தனை பேரை இதற்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். கருதியது யார்? எப்போது? பத்து நாற்பது வரைதான் கருதினேன் என்று அடிக்குறிப்பு போடுவேனா? கேள்வி இரண்டு. மாதிரிகள் எத்தனை? "மலைல பதினெட்டு, தோட்டத்துல பன்னெண்டு மேடம்." சரியாகச் சொன்னாள். இலையைப் பறித்த அடுத்த நொடியில் உறைய வைக்க வேண்டும், இல்லையென்றால் மரபணுக்களின் பேச்சு மாறிவிடும், பறித்த அதிர்ச்சியையே பேச ஆரம்பித்துவிடும், அதனால் நைட்ரஜன் குடுவையை முதுகில் கட்டிக்கொண்டு அட்டைக்கடியில் மலை ஏறியவள் இவள்தான், நான் கீழே வண்டியில் உட்கார்ந்து ஒரு பழைய நிகண்டில் பித்தமுறிக்கு எத்தனை பெயர் என்று தேடிக்கொண்டிருந்தேன், நாலு பெயர், நாலில் ஒன்றுக்கு இரட்டைச்செடி என்று பொருள் வரும், ஏன் இரட்டை என்று உரைகாரர் சொல்லவில்லை, உரைகாரருக்குத் தாவரவியல் தெரியாது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். ஐயோ. வேண்டாம், அதற்கு வேறு பொருளும் இருக்கலாம், எதையும் எதோடும் கோக்கிற புத்தி இன்றைக்காவது சும்மா இருக்கட்டும். எழுந்து வெளியே போய்விடலாமா, வயிற்று வலி என்பேன், வயது ஐம்பத்தெட்டு, நம்புவார்கள், நான் இல்லாதபோது அவள் சொன்னால் அது அவள் சொன்னது. இப்படி ஒரு நினைப்பு எனக்கு வரும் என்று பத்து முப்பத்தொன்பதுக்குச் சொல்லியிருந்தால் சொன்னவனை அடிக்கப் போயிருப்பேன். கேள்வி மூன்று. புள்ளியியல் முறை. இதுதான் நீளமான கேள்வி, இதற்கு அவள் குறைந்தது நாலு நிமிடம் எடுப்பாள், எனக்கு நாலு நிமிடம் இருக்கிறது, பேச்சிமுத்து பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து, "இன்னும் எத்தனை கேள்வி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்கிறார், "ரெண்டுதான், முடிஞ்சுட்டு" என்கிறார் அவர், "பிள்ளை டக்கு டக்குன்னு சொல்லுதா பாத்தீகளா" என்கிறார் பேச்சிமுத்து. லலிதாங்கியின் முன்னால் முடிவுத்தாள் இருக்கிறது, மூன்று கட்டங்கள், பட்டத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறது, திருத்தத்துக்குப் பின் பரிந்துரைக்கப்படுகிறது, பரிந்துரைக்கப்படவில்லை. அவர் பேனா முதல் கட்டத்துக்கு மேலேயே காத்திருக்கிறது. நாலு நிமிடம் வரும் என்று நினைத்தது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு நன்றாக ஏனம்மா படித்தாய்.

"நாலாவது கேள்வி" என்கிறார் லலிதாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "பதினோரு சதவீதத்தை வெளிய தள்ளிருக்கீங்க. கம்மி இல்ல அது. அதுல என்ன இருந்துச்சு?" இசக்கி என்னைப் பார்க்கிறாள். ஒரு கணம்தான். மாணவர்கள் வழிகாட்டியைப் பார்ப்பது வழக்கம், சரியா சார் என்று, ஆனால் அந்தப் பார்வையில் கேள்வி இல்லை, வேறு என்னவோ இருக்கிறது, என்னவென்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. "வழக்கமா வர்ற வெளி அசுத்தம் மேடம்" என்கிறாள், நான் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில், அதே இடத்தில் மூச்சு விட்டு. லலிதாங்கி குறித்துக்கொள்ளக் குனிகிறார், நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்கிறது, யாருடையது என்று திரும்பிப் பார்க்கிறேன், என்னுடையது, நான் நின்றுகொண்டிருக்கிறேன். "அந்தப் பதில் என்னோடது மேடம். தப்பு." "நீங்க உக்காருங்க சார், கேள்வி உங்களுக்கு இல்ல" என்கிறார் லலிதாங்கி, மென்மையாக, வயதானவர்களுக்குச் சொல்கிற மாதிரி. "எனக்குத்தான் மேடம்." சொல்கிறேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, கோர்வையாக வந்ததா, தசமப் புள்ளிகளை மட்டும் சரியாகச் சொன்னேன், அது நிச்சயம், ஒன்பது புள்ளி ஆறு இரண்டு, ஒரே இனம், ஏழாவது நொதி அதில் இருக்கிறது, ஐந்தாம் அத்தியாயம் நிற்காது. "என்ன சொல்லுதாரு?" என்று பேச்சிமுத்துவின் குரல், "பிள்ளை தப்பாச் சொல்லிட்டாளா?" லலிதாங்கி பேனாவைக் கீழே வைக்கிறார். "எப்ப தெரியும் உங்களுக்கு?" "இன்னிக்கிப் பத்து நாப்பதுக்கு." "அதுக்கு முன்னாடி யாருமே சந்தேகப்படலையா?" இல்லை என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, எவ்வளவு பழகிய சொல். "ஒருத்தங்க சொன்னாங்க. எட்டு வருஷம் முன்னாடி, இதே கட்டடத்துல. மூணாவது வரிசைல இருக்காங்க. நான் கேக்கல." தலைகள் திரும்புகின்றன, பியூலாவின் மாணவிகள் பத்துப் பேரும் பியூலாவைப் பார்க்கிறார்கள், அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, பேனாவை மூடி, சிரிக்காமல், "அப்ப எழுதுன நோட்டு இன்னும் எங்கிட்டதான் இருக்கு மேடம், தேதியோட" என்கிறாள், பிறகு மறுபடியும் பேனாவைத் திறக்கிறாள்.

நான் எதற்குத் தயாராக இருந்தேன் என்றால் இசக்கி அழுவாள் என்பதற்கு. அவள் அழவில்லை. லலிதாங்கி அவள் பக்கம் திரும்பி, "உனக்கு இது இப்பத்தான் தெரியுமாம்மா?" என்று கேட்கிறார், அது உண்மையில் கேள்வியே இல்லை, அவளைக் காப்பாற்ற நீட்டப்பட்ட கை, ஆமாம் மேடம் என்று பிடித்துக்கொண்டால் போதும். "இல்ல மேடம்" என்கிறாள் இசக்கி. "ரெண்டு வருஷமாத் தெரியும். ஒரு நாள் சார் ஊருக்குப் போயிருக்கும்போது அந்த ஃபோல்டரைத் தொறந்து பாத்தேன். முக்காவாசி பூஞ்சைதான் இருந்துச்சு. எந்த மரபணுன்னு தேடுறதுக்குள்ள பயந்து மூடிட்டேன்." தரை மறுபடியும் மேலே வருகிறது. காலையில் வந்ததெல்லாம் ஒன்றுமில்லை, அது பூஞ்சை, அதற்கு என்னைத் தெரியாது. இது என்னைத் தெரிந்த ஒருத்தி. இரண்டு வருடம், அதாவது எழுநூறு நாளுக்கு மேல், தினமும் காலையில் குட் மார்னிங் சார் என்று அந்தக் கதவைத் திறந்து வந்திருக்கிறாள், இதை வைத்துக்கொண்டு, நான் முன்மொழிந்த செடி மரபணுவுக்கு வரைபடம் போட்டிருக்கிறாள், இருக்கலாம் என்று நான் எழுதியதற்கெல்லாம் கீழே தட்டச்சு செய்திருக்கிறாள். எதாச்சும் சொல்லுங்க என்று காலையில் அவள் கேட்டது எதை? நான் தண்ணி குடிச்சிட்டுப் போ என்றேன். "ஏம்மா சாரிட்ட சொல்லல?" என்கிறார் லலிதாங்கி. இசக்கி என்னைப் பார்க்கவில்லை. "சொன்ன யாரும் இந்த லேப்ல முடிக்கல மேடம். எனக்கு முடிக்கணும்." அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள், பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி. அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறாள்.

லலிதாங்கி கீழே வைத்த பேனாவை எடுக்கிறார். பிறகு பேனா நகர்கிறது, எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது, முதல் கட்டத்தைத் தாண்டி இரண்டாவதில் ஒரு சிறிய குறி. "மூணு மாசம். ஆறு நொதி வரைக்கும் நல்ல வேலை, அதுல எனக்குக் கேள்வியே இல்ல. அஞ்சாம் அத்தியாயத்தைத் திருப்பி எழுது, இந்தத் தடவை எதையும் தள்ளாம. ஆனா ஒண்ணு, பாத்ததை மூடுனது உன் தப்பும்தான். அதையும் எழுதணும்." "சரி மேடம்." "திங்கக்கெழம வேலைல சேரணும்லா மேடம்" என்று பேச்சிமுத்து எழுந்து நிற்கிறார், கைகூப்பி, யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் என்னையும் சேர்த்து. "கல்லூரிக்கு நான் ஒரு கடிதம் எழுதித் தரேங்க, மூணு மாசம் பொறுக்கச் சொல்லி. கேக்கிறதும் கேக்காததும் அவங்க இஷ்டம்." அவர் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை, என் நாற்காலி இன்னும் தரையில் கிடக்கிறது, யாரும் அதைத் தூக்கி வைக்கவில்லை, இருவரும் மண்டபத்தின் இரண்டு பக்கத்தில் நிற்கிறோம். மன்னிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான், யாரிடம் முதலில் என்று வரிசை போட்டுக்கொண்டிருக்கிறேன், மூன்றாவது வரிசையா, மேடையா, வேட்டி சட்டையா, வரிசை போட்டுக்கொண்டே இருக்கிறேன். "மேடம், ஒண்ணு கேக்கலாமா?" என்கிறாள் இசக்கி. "இந்த மூணு மாசத்துக்கு வழிகாட்டிய மாத்திக்கிட விதி இருக்கா?" லலிதாங்கி திணறுகிறார், "உங்க பல்கலைக்கழக விதி எனக்கு..." என்று இழுக்கிறார், என் துறைக்காரர்கள் எல்லோரும் பழக்கத்தில் என் பக்கம் திரும்புகிறார்கள், விதி என்றால் என்னிடம்தான் கேட்பார்கள், இருபது வருடமாக அப்படித்தான். "இருக்கு" என்கிறது என் வாய். "பதினேழாவது விதி, ரெண்டாம் உட்பிரிவு. ஆய்வேட்டைக் கொடுத்த பிறகும் மாத்தலாம். பழைய வழிகாட்டி சம்மதிச்சு எழுதித் தரணும், வேற ஒண்ணும் வேண்டாம்." இசக்கி மேடையிலிருந்து இறங்கி வருகிறாள், பட்டுப்புடவை சரசரக்க, தன் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் மேசையில் வைத்து, அதன் மேல் ஒரு பேனாவை வைக்கிறாள். "எத்தனை வரி சார்?" "ஒரு வரி போதும்மா. நாளைக்குக் காலைல தட்டச்சு பண்ணி, முத்திரை வச்சு..." "இப்பவே எழுதிருங்க சார்" என்கிறாள், இந்தத் தடவை நேராக என் கண்ணைப் பார்த்து, கோபமில்லாமல், "பெறகு நீங்க யோசிக்க ஆரம்பிச்சிருவீங்க." இல்லைம்மா, யோசிக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன். மூடிக்கொள்கிறேன். நின்றபடியே குனிந்து எழுதுகிறேன்.